ரீப்பர் படகின் மேடு பள்ளம் எடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ரீப்பர் எனப்படும் மெல்லிய மரப் பட்டைகளை அச்சுச் சட்டங்களின்மேல் வளைத்து, விளிம்போடு விளிம்பாகப் பசை போட்டு ஒட்டிக் கட்டுவதுதான் ரீப்பர் படகு. கடைசி ரீப்பரையும் ஒட்டிவிட்டு, ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கிப் போட்ட அன்று படகு முடிந்துவிட்டது போலவே இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அழகு. கிட்டே போய் உள்ளங்கையை வைத்து மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரீப்பரும் விளிம்பு தட்டும். அங்கங்கே பசை காய்ந்து கல்லாக நிற்கும். வயிறு வளையும் இடத்தில் வளைவே இருக்காது, படிப்படியாகத் தட்டை முகங்கள்தான் இருக்கும். இங்கிருந்து வார்னிஷ் பூசுவது வரைக்குமான வேலைதான் இந்தக் கட்டுரை. படகு கட்டுவதில் அதிக நேரம் தின்பது இதுதான், பலர் அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதைத்தான்.

நான் காட்பாடியில், வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட கொட்டகையில் 14 அடிப் படகு ஒன்று கட்டினேன். பாலாற்றில் மணல் தெரியும் ஊரில் படகு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை அவர்களும் பார்த்தவர்கள்தான். ஆறு வற்றினாலும், நல்ல மழை பெய்த வருஷத்தில் காவேரிப்பாக்கம் ஏரி கடல் மாதிரி கிடக்கும். அந்தத் தண்ணீரை மனதில் வைத்துத்தான் கட்டினேன்.

என் ரீப்பர்கள் 6 மில்லிமீட்டர் தடிமன், 20 மில்லிமீட்டர் அகலம். மரம் மலைவேம்பு. அழகுக்காகப் பக்கத்துக்கு இரண்டு தேக்கு ரீப்பர் சேர்த்தேன். அச்சுச் சட்டங்கள் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். உங்கள் அளவு வேறாக இருந்தாலும் முறை மாறாது.

வழவழப்பு வேறு, ஓட்டம் வேறு

வேலையைத் தொடங்கும் முன் இது மனதில் பதிய வேண்டும். ஒரு பரப்பு கண்ணாடி போல வழவழவென்று இருக்கலாம், அதே சமயம் அதன் வளைவு நெளிந்தும் கிடக்கலாம். டிங்கரிங் பட்டறையில் அவசரமாகப் பட்டி பார்த்த கார் கதவைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் வழுக்கும். தெருவிளக்கின் பிம்பம் அதில் விழும்போது பாம்பாக வளையும். வழவழப்பு உப்புத்தாளின் நம்பரால் வருவது. ஓட்டம் என்பது வளைவு நெளியாமல் ஒரே சீராகப் போவது. அது வருவது, அந்த உப்புத்தாள் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதால். கையில் மடித்துப் பிடித்த தாள் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கும், மேட்டையும் தேய்க்கும், இரண்டும் அப்படியே இருக்கும். நீளமான, விறைப்பான பலகையில் ஒட்டிய தாள் பள்ளத்தைத் தொடாது. மேட்டை மட்டும்தான் தின்னும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

எவ்வளவு மரம் எடுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. தட்டையான ரீப்பர்களை வளைவின்மேல் அடுக்கும்போது, மூட்டுகள் ரீப்பரின் நடுவைவிடச் சற்று வெளியே துருத்தும். அந்த உயரம், ரீப்பர் அகலத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தைப் போல எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் ரீப்பர், 150 மில்லிமீட்டர் ஆரம் என்றால் 400-ஐ 1200-ஆல் வகுக்க, சுமார் 0.33 மில்லிமீட்டர். ஆரம் 100 ஆனால் 0.5. அதாவது வயிறு நன்றாக வளையும் இடத்தில்கூட மூட்டில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் போதும். தட்டையான அடிப்பகுதியில் அதுவும் வேண்டாம். 6 மில்லிமீட்டர் மரத்தில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எடுக்கிறீர்கள் என்றால் எங்கோ தப்பு நடக்கிறது. உடனே நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இதற்கு இன்னொரு அடையாளமும் மரத்திலேயே இருக்கிறது. அறுப்பு மில்லிலிருந்து வந்த ரீப்பரின் முகத்தில் ரம்பத்தின் கோடுகள் இருக்கும். ஒட்டும் முன் அவற்றை இழைத்து எடுத்துவிடாதீர்கள். மூட்டுகளின் மேடு இறங்கி வரும்போது, ஒவ்வொரு ரீப்பரின் நடுவிலும் ரம்பக் கோடு கடைசியாக மங்கி மறையும். அது மறைந்த இடத்தில் வளைவு வந்துவிட்டது, கையை எடுத்துவிடலாம். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

வேண்டிய சாமான்கள்

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இரும்பு இழைப்புளி ஒன்று, கூராக. தீட்டும் கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பசை சுரண்ட ஒரு ஸ்கிரேப்பர். 60, 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், சுருளாகக் கிடைத்தால் சிக்கனம். பென்சில், கலர் சாக்பீஸ், ஒரு எல்இடி ட்யூப். வேலூர் லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் ஏறி இறங்கினால் இவை எல்லாமே கிடைத்துவிடும். என்95 முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, பின்னால் பூசும் எப்பாக்சியின் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பிசின்) தூள் அதைவிட ஆகாது.

நீளப் பலகையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 60 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம், மேலே இரண்டு முனையிலும் பிடிக்க ஒரு கட்டை. 60 சென்டிமீட்டர் ஏன் என்றால், அது எப்போதும் இரண்டு அச்சு இடைவெளிகளைத் தாண்டி உட்காரும். ஓர் அச்சில் மேடு, இரண்டு அச்சுக்கு நடுவில் பள்ளம் என்பதுதான் இந்த வகைப் படகில் வழக்கமாக வரும் நெளிவு. பலகை அதைவிடக் குட்டையாக இருந்தால் அந்த நெளிவிலேயே ஏறி இறங்கும். வயிறு வளையும் இடத்துக்கு 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இன்னொன்று. அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மூக்குப் பகுதிக்குச் சின்னது ஒன்று. தாளை ரப்பர் பசையால் ஒட்டினால் பிய்த்து மாற்ற வசதி.

பசையைச் சுரண்டுவது

முதல் வேலை இது, இதை உப்புத்தாளால் செய்யாதீர்கள். காய்ந்த ஃபெவிகால் மலைவேம்பைவிடக் கெட்டி. உப்புத்தாள் பசைமேல் வழுக்கிக்கொண்டு அதன் இரண்டு பக்கத்து மரத்தையும் அரிக்கும். பசைக் கோடு வரப்பாக நிற்க, இரு பக்கமும் வாய்க்கால் விழும். ஸ்கிரேப்பரை மரத்தின் ரேகையோடு இழுத்துச் சுரண்டுங்கள். பசை சொட்டிய அன்றே ஈரத்துணியால் துடைத்திருந்தால் இந்த வேலை பாதியாகும். அடுத்த படகில் நான் அப்படித்தான் செய்வேன்.

பின்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் இழைப்புளியின் பல் போய்விடும். சுத்தி பட்டு நசுங்கிய இடம் இருந்தால், ஈரத்துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு நொடி அழுத்துங்கள். ஆவி ஏறி நார் உப்பி, குழி தானாக எழும்பும். நார் அறுந்த குழி எழும்பாது, நசுங்கிய குழி எழும்பும்.

இழைப்புளி

மூட்டுகளில் துருத்தும் விளிம்பை இழைப்புளிதான் எடுக்க வேண்டும். வாய் மிக மெல்லியதாக வைத்து, படகின் நீளத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரி சாய்வாகத் தள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து ரீப்பர்களில் மரத்தின் ரேகை எதிரெதிராக ஓடலாம். நேராகத் தள்ளினால் ஒன்றில் சுருள் வரும், அடுத்ததில் சிம்பு பிய்யும். சாய்வாகப் போனால் இரண்டிலும் ஓரளவு அடங்கும். சுருள் காகிதம் போல வர வேண்டும், தடியாக வந்தால் பல்லை உள்ளே இழுங்கள்.

தேக்கும் மலைவேம்பும் பக்கம் பக்கமாக இருந்தால் இழைப்புளியிலேயே முடிந்தவரை முடித்துவிடுங்கள். கூரான பல்லுக்குக் கெட்டி மரமும் மெத்தை மரமும் ஒன்றுதான். உப்புத்தாளுக்கு அப்படியில்லை. நான் இங்கேதான் பெரிய தவறு செய்தேன். பொறுமையில்லாமல், பஞ்சு போன்ற பேடு வைத்த சாண்டர் மெஷினை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டினேன். சாயங்காலம் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. ராத்திரி விளக்கு வைத்துப் பார்த்தால், இரண்டு தேக்கு ரீப்பரும் தண்டவாளம் போல நிற்கின்றன, நடுவில் மலைவேம்பு பள்ளமாகக் கிடக்கிறது. அதைச் சரிக்கட்ட மூன்று வாரம் போயிற்று. மெஷின் கெட்டதில்லை. ஓட்டம் வந்தபின், 120 நம்பர் தாளோடு கடைசிச் சுற்றாக ஓட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டரை மட்டும் இந்தப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

கண், கை, விளக்கு

இழைப்பு முடிந்தபின், தேய்ப்பதற்கு முன்னும் தேய்க்கும்போதும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்ட மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, மிச்சமான ரீப்பரில் ஒரு மீட்டர் நீளம், முடிச்சில்லாமல் நேரானது எடுத்து, அதன் விளிம்பில் கலர் சாக்பீஸ் தேயுங்கள். படகின்மேல் வைத்து லேசாக வளைத்து, ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் அசைத்தால் மேட்டில் மட்டும் கலர் ஒட்டும். குறுக்காக, நெடுக்காக, சாய்வாக மூன்று திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் சரியாகத் தெரிவது இன்னொரு திசையில் நெளியும்.

இரண்டாவது விளக்கு. ராத்திரி மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, எல்இடி ட்யூபை படகின் உடம்போடு ஒட்டினாற்போல வைத்துச் சாய்வான வெளிச்சம் விடுங்கள். பகலில் தெரியாத பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பென்சிலால் அப்போதே வட்டம் போட்டு, மேட்டுக்கு ஒரு குறி, பள்ளத்துக்கு ஒரு குறி வையுங்கள். காலையில் நினைவிருக்காது.

மூன்றாவது கை. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்யும் வயதான ஆசாரி. நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, "தம்பி, கண்ணு ஏமாத்தும்பா. ஒரு மெல்லிசுத் துணிய கையில வச்சிக்கினு, கண்ண மூடிக்கினு தடவு" என்றார். துணி இருந்தால் தோல் மரத்தில் உரசாது. சொரசொரப்பு மறைந்து, மேடு பள்ளம் மட்டும் கைக்கு வரும். விரல் நுனியால் அல்ல, முழு உள்ளங்கையால், நீளமாக இழுங்கள். நாலு நாளில் கை பழகிவிடும், அப்புறம் விளக்கே தேவையில்லை என்று தோன்றும் அளவுக்கு.

நீளப் பலகை

படகு முழுக்கப் பென்சிலால் கோணல்மாணலாகக் கிறுக்குங்கள். 80 நம்பர் தாள் ஒட்டிய பலகையை இரண்டு கையாலும் பிடித்து, சாய்வாக ஒரு திசையில் பத்து இழுப்பு, எதிர்ச் சாய்வில் பத்து இழுப்பு, பிறகு ஒரு பலகை நீளம் நகர்வது. படகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் மூட்டுகளோடு வரப்பு விழும். குறுக்கே மட்டும் தேய்த்தால் கோடு ஆழமாகும். கை எடையைப் போடாதீர்கள், பலகையின் நடுவை அமுக்கினால் அது வளைந்து பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

கொஞ்ச நேரத்தில் சில இடத்தில் பென்சில் அழியும், சில இடத்தில் அப்படியே இருக்கும். அழிந்தது மேடு, இருப்பது பள்ளம். பள்ளத்தில் இருக்கும் பென்சிலைப் போக்க அந்த இடத்தை மட்டும் தேய்க்கவே கூடாது. கை பரபரக்கும், தடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள மேடுதான் இறங்கி வர வேண்டும். ரம்பக் கோடுகள் மறைந்து, பள்ளம் மட்டும் இன்னும் பென்சிலோடு இருந்தால், அது நிரப்ப வேண்டிய பள்ளம்.

இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால், கை பழகியிருப்பதால் இரண்டும் இரண்டு விதமாக வரும். மூக்கிலும் வாலிலும் ரீப்பர்கள் கூர்மையாகச் சேரும் இடத்தில் மிக மெதுவாகப் போங்கள். அங்கே பலகை தவறினால் ரீப்பரின் முனை காகிதமாகிவிடும்.

80-இல் ஓட்டம் வந்தபின் 120-ஐ ஒரு சுற்று. மரத்தில் அதற்கு மேல் போக வேண்டாம். எப்பாக்சி பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

நிரப்புவது

அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த, அகலமான பள்ளத்தை விட்டுவிடுங்கள். பின்னால் வரும் எப்பாக்சிப் பூச்சுகள் அதை நிரப்பும். ரீப்பர்களுக்கு இடையே உள்ள இடுக்கு, பின் துளை, ஆழமான குழி ஆகியவற்றுக்கு எப்பாக்சியில் அதே மரத்தின் மெல்லிய தூளைக் கலந்து தொகையல் பதத்தில் வழியுங்கள். காய்ந்தால் மரத்தைவிட ஒரு நிழல் கறுப்பாகத் தெரியும் என்பதால், சின்ன துண்டில் முதலில் வைத்துப் பாருங்கள். சுவருக்குப் போடும் பட்டியைத் தொடாதீர்கள். அது தண்ணீரைக் குடிக்கும்.

நிரப்பியது நன்றாக இறுகியபின் மறுபடி பலகை. பிறகு சுத்தமான ஈரத்துணியால் படகு முழுக்கத் துடையுங்கள். இதனால் இரண்டு பலன். மரத்தின் நார் எழும்பும், காய்ந்ததும் 120-ஆல் ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிடலாம். பசை மிச்சமிருக்கும் இடம் ஈரத்தில் வெளிறித் தெரியும். அந்த இடத்தில் எப்பாக்சி ஊறாது, பிறகு மரத்தின்மேல் விரித்து எப்பாக்சியால் ஒட்டும் ஃபைபர் துணிக்கு அடியில் வெள்ளைத் திட்டாக நிரந்தரமாக நின்றுவிடும். சுரண்டி எடுங்கள். ஒருநாள் முழுக்கக் காய விடுங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு, அதனால் பூசுவதற்குச் சற்று முன் அந்த ரீப்பரை மட்டும் அசிட்டோனால் துடைப்பது நல்லது.

வேலூர் வெயிலும் எப்பாக்சியும்

கடலோரத்து மீன்பிடி ஃபைபர் படகுகளுக்குப் பாலியெஸ்டர் ரெசின்தான் ஓடுகிறது. விலையும் குறைவு. மரத்தின்மேல் அது சரியாகப் பிடிக்காது, இந்தப் படகுக்கு எப்பாக்சியே வாங்குங்கள். மரத்தின்மேல் விரிக்கும் ஃபைபர் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணி.

ஊருக்கு வெயிலூர் என்று பெயர் வைத்திருக்கும் நமக்கு இங்கே தனிப் பாடம் உண்டு. சூடு 10 டிகிரி ஏறினால் கலந்த எப்பாக்சியின் வேலை நேரம் ஏறக்குறையப் பாதியாகும். டம்ளரில் மொத்தமாகக் கலந்து வைத்தால் அதன் சூடே அதை விரட்டும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கையிலேயே இளகியது. 100, 150 கிராமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். கலக்கும் விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகவே இறுகாது, பிசுபிசுக்கும்.

பூசும் நேரம் இன்னும் முக்கியம். காலை பத்து மணிக்கு முதல் பூச்சு போட்டேன். தகர ஷீட் சூடேறச் சூடேற, மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து, எப்பாக்சி வழியாகக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. மரம் சூடாகும்போது காற்றை வெளியே விடும், ஆறும்போது உள்ளே இழுக்கும். அதனால் வெயில் இறங்கி, மரம் ஆறத் தொடங்கும் சாயங்காலத்தில் பூசுங்கள். எப்பாக்சி துளைகளுக்குள் இழுபடும். எங்கள் ஊருக்குத் தை, மாசி மாதங்கள் தோது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேலே மெழுகுப் படலம் படியும். சித்திரையில் கை வைக்கவே முடியாது.

துணியின் நெசவு மறையும்வரை இரண்டு மூன்று பூச்சு. சில நாள் இறுக விடுங்கள். தேய்க்கும் முன் தண்ணீரும் பச்சை நிற ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவுங்கள், மெழுகுப் படலம் போகும். கழுவாமல் தேய்த்தால் அதைப் பரப்புக்குள் ஏற்றிவிடுவீர்கள், வார்னிஷ் பிடிக்காது. கையில் பட்ட எப்பாக்சியைத் தின்னரால் கழுவாதீர்கள், சோப்பும் தண்ணீரும்தான். ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது என்பதால் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

பிறகு மறுபடி அதே நீளப் பலகை, 120 நம்பர். இப்போது பென்சில் தேவையில்லை. தேய்ந்த இடம் மங்கும், தேயாத பள்ளம் பளபளக்கும். படகு முழுக்கத் தீவு தீவாகப் பளபளப்பு தெரியும். அவற்றில் மட்டும் எப்பாக்சி தொட்டு நிரப்பி, மறுபடி தேயுங்கள். ஃபைபர் துணியின் இழை கண்ணுக்குத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இழை அறுந்தால் வலு போய்விடும். மரத்தில் நீங்கள் பட்ட பாட்டின் அளவு இங்கே தெரியும். மரத்தில் ஓட்டம் வந்திருந்தால் இந்தச் சுற்று இரண்டு நாளில் முடியும். இல்லையென்றால் கிலோக் கணக்கில் எப்பாக்சி போகும், படகும் கனக்கும்.

உள்பக்கம்

படகைத் திருப்பி, அச்சுகளை எடுத்ததும் உள்ளே அதே தட்டை முகங்கள் குழிவின் பக்கமாகத் தெரியும். நீளப் பலகை இங்கே உதவாது. விளிம்பு வளைவாகத் தீட்டிய ஸ்கிரேப்பர், நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டில் சுற்றிய உப்புத்தாள், இவை போதும். தண்ணீர் ஓடும் பக்கம் இல்லை என்பதால், துணி காற்றில்லாமல் படியும் அளவுக்கு வந்தால் விட்டுவிடலாம்.

வார்னிஷ்

எப்பாக்சியை வெயில் தின்றுவிடும். மாதங்களில் மஞ்சளாகி, பிறகு மாவாக உதிரும். ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மரைன் வார்னிஷ் குறைந்தது நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே 220 நம்பரால் லேசான தேய்ப்பு. பெயிண்ட் அடிப்பதானால் வெளிர் நிறம். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி பொதுவாக 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், கறுப்புப் படகு நம் ஊர் வெயிலில் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும்.

கடைசி வார்னிஷ் காய்ந்த ராத்திரி, எல்இடி ட்யூபை ஒருமுறை மேலே தூக்கிப் பிடித்து மூக்கிலிருந்து வால்வரை நடந்து போங்கள். அதன் பிம்பம் எங்கேயும் உடையாமல் கூடவே வரும். ஒரு வாரம் இறுக விட்டபின் தண்ணீரில் இறக்குங்கள். ஏரி நீர்வளத்துறையின் கையில் இருப்பதால் முதலில் அனுமதி கேளுங்கள். கரைக் கற்களின்மேல் இழுக்காமல் நாலு பேராகத் தூக்கிப் போங்கள்.